தகர பஸ்ஸின் ஏணி

கார்வேட்டிநகரம்
8 ஜூலை 2024

தங்கை கன்னிகாவுக்கு அண்ணன் முனியப்பன் எழுதுவது.

1976-ஆம் வருஷம், ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்னால், நான் எட்டு மாதம் உட்கார்ந்து செய்த தகர பஸ்ஸை நீ எடுத்துப் போய்க் கோயில் குளத்தில் போட்டாய். நானே கேட்டேன், நீயே ஒப்புக்கொண்டாய். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் உன் நலம் கேட்பது என்று நாற்பத்தெட்டு வருஷமாக ஒரு முறை வைத்திருக்கிறேன். சொல்லியாகிவிட்டது. நீயும் மாப்பிள்ளை பாஸ்கரும் சுகமா? இங்கே நானும் மணியம்மாவும் சுகம்.

முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் சைக்கிள் கடைப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் உட்கார்ந்து மணியம்மாவின் சமையலில் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் அவள், "இன்னாயா, வாய்க்கு வேலை குடுத்தது போதும், கைக்கு ஏதாச்சும் குடு" என்றாள்.

கொடுத்தேன். விளம்பரப் பலகை செய்கிற கடையில் சன்போர்டு துண்டுகளை வெளியே கொட்டுகிறார்கள். பலகை மாதிரி விறைப்பு, அப்பளம் மாதிரி எடை. அதில் மறுபடியும் பஸ் செய்கிறேன். இனி பொம்மை வண்டி செய்ய மாட்டேன் என்று அன்று குளத்தங்கரையில் சத்தியம் செய்தேனே என்று நீ கேட்பாய். அது தகரத்துக்குச் செய்த சத்தியம். சன்போர்டுக்குப் பொருந்தாது.

அதே புத்தூர் – கார்வேட்டிநகரம் மங்களாம்பிகா பஸ்தான். நிஜத்தில் இரண்டு அடி, என் பஸ்ஸில் ஓர் அங்குலம். அந்தக் கம்பெனியும் இன்று இல்லை, ஒரு போட்டோவும் கிடைக்கவில்லை. அதை என் அளவுக்குப் பார்த்தவள் நீ ஒருத்திதான் மிச்சம். அதற்காக மட்டுமே எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஏழு ஜன்னல் என்பது என் நினைவு. சரி என்று ஒரு வரி எழுது. இந்தத் தடவை பஸ் சரியாக முடிய வேண்டும். ஒரு ஜன்னல் தப்பினாலும் அது வேறு பஸ்.

போனில் வேண்டாம். குளம் என்று ஆரம்பித்தாலே "சிக்னல் இல்லண்ணா" என்கிறாய். காகிதத்துக்கு சிக்னல் தேவையில்லை. தமிழ் எழுத்து உனக்கு நான் சொல்லிக்கொடுத்தது. மறந்திருந்தால் தெலுங்கில் எழுது. பஸ் போர்டு பார்த்தே அதையும் கற்றவன் நான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
முனியப்பன்


திருப்பதி
21 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கு கன்னிகா வணக்கம். உன் முட்டிக்கும், முட்டியை விட அதிகமாக அண்ணிக்கும், சாமி பலம் கொடுக்கட்டும்.

உன் கடிதத்தை இவர் சத்தமாகப் படித்தார். முதல் வரி வந்ததும், "மச்சானுக்கு உடம்பு நல்லா ஆயிடுச்சி, சண்டைக்கு வந்துட்டாரு" என்று சொல்லி எனக்கும் சேர்த்து டீ போட்டார்.

ஏழு இல்லை அண்ணா, ஆறு. நீ அந்த பஸ்ஸுக்கு அடியில் படுத்துப் பஞ்சர் பார்த்தவன். நான் ஒரு நாளும் அதில் ஏறினதில்லை. ரோட்டில் நின்று, அது போகிற வரைக்கும் பார்த்தவள். ஏறினவர்கள் எண்ண மாட்டார்கள். நான் தினமும் எண்ணினேன். ஆறு.

ஜன்னல் எவ்வளவு உயரத்தில் என்று நீ கேட்கவில்லை, ஆனால் கேட்பாய். நான் பக்கத்தில் நின்று கையைத் தூக்கினால் விரல் நுனி கீழ்க்கம்பியைத் தொடும். அப்போது என் உயரம் என்ன என்று யாருக்குத் தெரியும்? என் பேத்தி சுஷ்மிதாவுக்கு இப்போது பத்து வயசு, அன்று எனக்கிருந்த அதே வயசு. அவளைச் சுவரோரம் நிற்க வைத்துக் கையைத் தூக்கச் சொல்லி அளந்தேன். ஐந்தடி இரண்டு அங்குலம். "எதுக்கு ஆயா?" என்றாள். "உங்க மாமா தாத்தா என்னை வெச்சி பஸ் செய்றாரு" என்றேன்.

குளத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இங்கே மழை இல்லை. அங்கே?

என்றும் உன்
கன்னிகா


கார்வேட்டிநகரம்
2 ஆகஸ்ட் 2024

கன்னிகாவுக்கு. எல்லோரும் சுகம்தானே. இங்கேயும் மழை இல்லை. குளத்தில் தண்ணீர் குறைவு. இன்னும் குறைந்தால் தேட வசதி.

ஏழுதான். உன் ஆறை ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி, பக்கத்தில் தப்பு என்று போட்டிருக்கிறேன். ஆனால் ஐந்தடி இரண்டு அங்குலம் நல்ல அளவு. கீழ்க்கம்பியை அதன்படி வைத்தேன், பஸ்ஸுக்கு முகம் வந்துவிட்டது. அளவு உன்னுடையது என்பதால் சொல்கிறேன், வேறொன்றும் இல்லை.

சக்கரத்துக்கு மருந்து பாட்டில் மூடி. முன்விளக்குக்கு மணியம்மாவின் பழைய மூக்குத்திக் கற்கள். கேட்டு வாங்கினேன். கேட்காமல் எடுத்ததாக அவள் சொன்னால் நம்பாதே. ஸ்டியரிங்கை ஒட்டும்போது கட்டைவிரலும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. விரலில் ஸ்டியரிங்கோடு நான் நிற்க, மணியம்மா, "திருப்பு, திருப்பு, லெஃப்ட்ல மாடு வருது" என்று வாசல்படியில் உட்கார்ந்து சிரிக்கிறாள். வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து எடுத்தோம். காலையில் எழுந்ததும் காபிக்கு முன்னால் பஸ்ஸைப் பார்க்கிறேன். இந்த வயசில் இப்படி ஒரு புத்தி வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இருபது வருஷம் முன்னாலேயே முட்டியை உடைத்துக்கொண்டிருப்பேன்.

இருந்தாலும் ஒன்று. 1976-ல் மூன்று நாள் அந்தக் குளத்தில் முங்கினேன். ஒரு செருப்பும் ஒரு சொம்பும் கிடைத்தன. எந்தப் படித்துறையில் போட்டாய் என்று அன்றும் நீ சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. மறக்க மாட்டேன்.

அடுத்து பின்பக்கம் செய்ய வேண்டும். மேலே மூட்டை ஏற்றுகிற ஏணி, பின்கண்ணாடி, போர்டு. நீ ரோட்டில் நின்று பார்த்தவள், பின்பக்கம்தான் உனக்கு அதிகம் தெரியும். விவரமாக எழுது.

முனியப்பன்


திருப்பதி
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணா, நாங்கள் நலம். அண்ணி மூக்குத்திக் கல்லைப் பற்றி எனக்குப் போன் செய்துவிட்டார். நீ கேட்கவில்லை.

பின்பக்கமா? கண்ணை மூடினால் வருகிறது. கீழே பச்சை, மேலே சந்தன நிறம், நடுவில் சிவப்புக் கோடு. கோடு பின்னால் வரும்போது ஒரு விரல்கடை கீழே இறங்கும், பெயின்டர் அவசரப்பட்டிருப்பான். நேராகப் போட்டுவிடாதே. பின்கண்ணாடி இரண்டு. டிரைவர் ரங்கையா எலுமிச்சம்பழமும் மிளகாயும் முன்னால் கட்டினது போதாமல் பின்னாலும் ஒன்று கட்டுவார். ஊதும்போது ஹாரன் தொண்டை கட்டின வாத்து மாதிரி கத்தும். அதையும் செய்ய முடியுமா?

ஏணி இடது பக்கம். ஆறு படி. நீ அன்று செய்த ஏணிதான் எனக்கு அதைவிட நன்றாக நினைவிருக்கிறது. மேல் படி உடைந்து செப்புக் கம்பி சுற்றி இருக்குமே, பல்லுக்குத் தங்கம் கட்டினது மாதிரி. அந்த அழகே தனி.

சீட்டுக்கு என் பழைய கைப்பையை வெட்டி இதோடு அனுப்பியிருக்கிறேன், அதே கரும்பச்சை. அதைப் பார்த்து இவருக்கும் ஏதாவது அனுப்ப வேண்டும் போலிருக்கிறதாம். பிளேடு அனுப்புகிறார்.

அன்புடன்
கன்னிகா


கார்வேட்டிநகரம்
29 ஆகஸ்ட் 2024

கன்னிகாவுக்கு. சுகம். ரெக்ஸின் துணியும் பிளேடும் வந்தன.

மங்களாம்பிகா பஸ்ஸின் ஏணி உடைந்ததில்லை. என் தகர பஸ்ஸின் ஏணியும் உடைந்ததில்லை. ஆறு படியையும் ஈயம் வைத்து நானே பற்ற வைத்தேன். அன்று காலை நான் கடைக்குப் போகும்போது முழுசாக இருந்தது. சாயங்காலம் திரும்பி வந்தபோது பஸ் இல்லை, குளத்தில் போட்டேன் என்றாய்.

மேல் படி எப்போது உடைந்தது? செப்புக் கம்பியைச் சுற்றியது யார்? குளத்துக்கு அடியில் இருந்த பஸ்ஸை நீ எப்படிப் பார்த்தாய்?

பதில் எழுது.

முனியப்பன்


கார்வேட்டிநகரம்
25 செப்டம்பர் 2024

கன்னிகாவுக்கு. உன் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று மாப்பிள்ளை போனில் சொன்னார், அதனால் கேட்கவில்லை.

நாலு வாரம் ஆகிறது. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே எனக்குத் தலையை ஆட்டிவிடுகிறார். பஸ் ஏணி இல்லாமல் நிற்கிறது. நீ எழுதும்வரை அதைத் தொட மாட்டேன். மணியம்மா, "பஸ்ஸ துணி போட்டு மூடி வெச்சிட்டு எதிர்ல உக்காந்துக்கினு கீறாரு, எழவு வூடு மாதிரி கீது" என்று உன்னிடம் சொல்லியிருப்பாள். நான் கோபமாக இல்லை. கோபம் எனக்குப் பழகின சமாச்சாரம். இது வேறு.

முனியப்பன்


திருப்பதி
14 அக்டோபர் 2024

அண்ணாவுக்கு கன்னிகா எழுதிக்கொள்வது. நலம். நாலு தடவை எழுதிக் கிழித்தேன், அதுதான் தாமதம்.

நான் குளத்தில் போடவில்லை.

நம் நைனா வேலை பார்த்த நெல் மில்லின் முதலாளி மகன் ஸ்ரீஹரி, எட்டு வயசுப் பையன், நெல் மூட்டை அடுக்கின் மேல் ஏறி விழுந்து காலை உடைத்துக்கொண்டான், ஞாபகம் இருக்கிறதா? அன்று அந்த அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது நைனாதான். இறக்கிவிடப் போவதற்குள் விழுந்துவிட்டான். யாரும் நைனாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்தார், உன் பஸ்ஸைத் துண்டில் சுற்றினார். "கட்டு போட்டுக்கினு கத்திக்கினு கீது புள்ள. ஒரு நாளு வெச்சி ஆடட்டும், நாளைக்கி எடுத்தாந்துடறேன்" என்றார். மறுநாள் போனார். அந்தப் பையன் பஸ்ஸைக் கட்டிப்பிடித்துத் தூங்குகிறான். கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

நீ எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும். நேராக மில்லுக்குப் போய் நடுக்களத்தில் நின்று கத்துவாய். நைனாவுக்கு வேலை போகும். நைனா என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. குளம் என் வாயில் தானாக வந்தது. ஒரு மாசம் கழித்து அம்மாவோடு தவிடு வாங்க அந்த வீட்டுக்குப் போனேன். பஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஏணியில் செப்புக் கம்பி.

நைனா போய் முப்பது வருஷம் ஆச்சே, அப்புறமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். உனக்கு எல்லோர் மேலும் ஒரு குறை உண்டு அண்ணா. என் மேல், இவர் மேல், டாக்டர் மேல், சாமி மேல் கூட. நைனா மேல் மட்டும் கிடையாது. அந்த ஒன்றையும் உன்னிடமிருந்து எடுக்க மனசு வரவில்லை. என் மேல் ஒரு குறைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

ஸ்ரீஹரி இப்போது சித்தூரில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். போன வருஷம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். விலாசம் பின்பக்கம் இருக்கிறது. பஸ்ஸைப் பற்றி நான் கேட்கவில்லை.

ஜன்னல் ஆறுதான்.

கன்னிகா


கார்வேட்டிநகரம்
6 நவம்பர் 2024

கன்னிகாவுக்கு. சுகமா? இங்கே மழை பிடித்துக்கொண்டது. குளம் நிரம்புகிறது, நிரம்பட்டும். மணியம்மா உனக்கு மொச்சை அனுப்புகிறாள்.

ஏணியை மாட்டிவிட்டேன்.

முனியப்பன்


கார்வேட்டிநகரம்
6 நவம்பர் 2024

சித்தூர் ஸ்ரீஹரி அவர்களுக்கு, கார்வேட்டிநகரம் சைக்கிள் கடை முனியப்பன் எழுதுவது.

1976-ஆம் வருஷம் உங்கள் கால் உடைந்திருந்தபோது ஒரு தகர பஸ் ஒரே ஒரு நாளைக்கு என்று உங்கள் வீட்டுக்கு வந்தது. அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை. பஸ்ஸைச் செய்தவன் நான். மற்றபடி நீங்களும் வீட்டில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். அந்தக் கால் இப்போது தொந்தரவு தருகிறதா? என் முட்டி பரவாயில்லை.

பஸ் இருக்கிறதா, இல்லையா? இருந்தால், ஒரு பக்கத்தில் எத்தனை ஜன்னல்? எண்ணி எழுதவும். பதினைந்து வயசில் என் கண் தப்பாக எண்ணாது. அறுபத்துமூன்றில் அதைச் சொல்ல முடியவில்லை.

முனியப்பன்


சித்தூர்
1 டிசம்பர் 2024

மதிப்புக்குரிய முனியப்பன் அண்ணாவுக்கு வணக்கம். நான் ஸ்ரீஹரியின் மனைவி யமுனா. இவருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. நான் வேலூர்க்காரி. இவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். கால் நன்றாக இருக்கிறது. மழைக்கு மட்டும் வலிக்கும் என்கிறார். வலிக்காது, மாடி ஏறச் சோம்பல்.

பஸ் இருக்கிறது அண்ணா! பரணில், என் கல்யாணப் பட்டுக்கு மேலே வைத்திருக்கிறார். பட்டைப் பூச்சி அரித்தது, பஸ்ஸை அரிக்கவில்லை. உங்கள் கடிதத்தை நான் போனில் படித்துச் சொன்னதும் இவர் வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தார். அதை உங்கள் நைனா செய்தது என்றுதான் இத்தனை வருஷமும் எங்கள் மூன்று பிள்ளைகளுக்கும் சொல்லி வளர்த்தாராம். மன்னிக்க வேண்டும் என்கிறார். ஏணியை உடைத்தது இவர்தான். உடைத்துவிட்டு அழுது, மோட்டார் காயிலிலிருந்து கம்பி உருவி இவரே சுற்றினாராம்.

இன்னொன்று சொல்லச் சொல்கிறார். அவர்கள் சித்தூருக்குக் குடி வரும்வரை இரண்டு வருஷம், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உங்கள் நைனா வருவாராம். தாழ்வாரத்தில் உட்கார்ந்து, பஸ்ஸைத் திருப்பி வைத்து, அச்சுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவாராம். ஒன்றும் கேட்டதில்லை. பொம்மை மேல் பெரியவருக்கு ஆசை என்று இவர்கள் நினைத்தார்களாம்.

ஜன்னல் எண்ணினோம். ஆறு. டிரைவர் ஜன்னலைச் சேர்த்தால் ஏழு.

எண்ணுவதற்காகத் திருப்பியபோது அடிப்பக்கம் ஆணியால் கீறின எழுத்தைப் பார்த்தேன். ஏதோ கம்பெனிப் பெயர் என்று இவர் நினைத்திருக்கிறார். தமிழ் தெரியாதே. "கன்னிகாவுக்கு. ஆடிக் கிருத்திகை" என்று இருக்கிறது. கன்னிகா யார் அண்ணா?

யமுனா ஸ்ரீஹரி


கார்வேட்டிநகரம்
28 டிசம்பர் 2024

கன்னிகாவுக்கு. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

சித்தூர்க் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்தைக் கிழித்துவிட்டு அனுப்பலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். படித்துக்கொள். முந்தின வருஷம் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போக எல்லோரும் மங்களாம்பிகாவில் ஏறினார்கள், நீ மட்டும் ரோட்டில் நின்றாய். அதனால் செய்தேன். கொடுக்க இருந்ததைக் கொடுக்கும் முன்னால் நீயே குளத்தில் போட்டாய் என்றதும், அது உனக்கென்று செய்தது என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. கோபத்தை மட்டும் சொன்னேன்.

நைனாவிடம் இப்போதும் எனக்குக் குறை இல்லை. மனசைக் கேட்டுப் பார்த்தேன், வரவில்லை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவரிடம் எண்ணெய் வாசம் வரும். மில் எந்திரம் என்று நினைத்திருந்தேன்.

ஜன்னல் விஷயத்தில் நான் சொன்னதும் சரி. டிரைவருக்கும் ஜன்னல் உண்டு. சுவரில் ஒட்டின காகிதத்தில் தப்பு என்பதை அடித்துவிட்டு, ஒரு வகையில் சரி என்று போட்டிருக்கிறேன். புது பஸ்ஸின் இரண்டு பக்கத்தையும் பிரித்து மறுபடி செய்தேன். சிவப்புக் கோடு பின்னால் ஒரு விரல்கடை இறங்குகிறது. ஹாரன் வாத்து மாதிரிக் கத்துகிறது. மணியம்மாவே அசந்துவிட்டாள்.

இனி ஆக வேண்டியவை. நாள், மாட்டுப் பொங்கல்.

பழைய பஸ்ஸைச் சித்தூரிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டியது ஸ்ரீஹரி. டிக்கியில் போடக் கூடாது. யமுனா கூட வர வேண்டும், அவர் எழுத்து நன்றாக இருக்கிறது.

நீ மாப்பிள்ளையின் காரில் வரக் கூடாது. புத்தூர் வரை வா, அங்கிருந்து கார்வேட்டிநகரம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார வேண்டியது நீ. எந்த ஜன்னல் என்பது உன் இஷ்டம். காரைப் பின்னால் ஓட்டி வந்து ஜன்னலை எண்ண வேண்டியது மாப்பிள்ளை.

சாப்பாடு மணியம்மா. உப்பைப் பற்றி வாய் திறக்காமல் சாப்பிட வேண்டியது நான்.

புது பஸ் ஸ்ரீஹரிக்கு. அதன் ஏணியில் மேல் படியை உடைத்துக் கம்பி சுற்ற வேண்டியதும் அவரே. எனக்கு உடைக்க மனசு வராது.

குளத்துக் கதையைப் பதினோரு கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன். எழுதி வைத்திருக்கிறேன். பலமனேர் வரைக்கும் போகிறது பட்டியல். ஒவ்வொரு வீட்டுக்கும் போய், அது பொய், என் தங்கை போடவில்லை என்று சொல்ல வேண்டியது நான். முட்டி தாங்கும்.

பழைய பஸ் உன்னுடையது. வெள்ளிக்கிழமைகளில் அச்சுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட வேண்டியது, இனிமேல், நீ.